ஊதாத் துணி உள்ளே போனபோது

யசாகு காவல் நின்றது ஒரே வாசலில்தான் என்றாலும் அந்த வாசலுக்கு எஜமானர்கள் இரண்டு பேர். கதவுக்கு வெளியே படிகளும் சரளைக்கல் முற்றமும் போலீஸின் பொறுப்பு. நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்துவிட்டால் எல்லாம் அவைத்தலைவரின் பொறுப்பு. அவர் கேட்டுக்கொண்டாலொழிய போலீஸ்காரர் எவரும் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது. பேரரசர் வழங்கிய அரசியல் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட சபை விதிகள் ஒரு சின்னப் புத்தகமாக அவன் சீருடைப் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு வந்ததே இல்லை.

டோக்கியோவில் ஹிபியாப் பூங்காவை ஒட்டி நின்ற அந்த மரக்கட்டடத்துக்குத் தற்காலிக நாடாளுமன்றம் என்று பெயர். முப்பது வருடமாகத் தற்காலிகமாகவே நின்றுகொண்டிருந்தது. குளிர்காலத்தில் பலகை இடுக்குகளில் காற்று விசிலடிக்கும். கீழ்ச்சபையின் முன்வாசலுக்கு யசாகு வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது இருபத்தாறு.

அவன் அப்பா கோஸுகே மலையில் கரிமூட்டம் போடுகிறவர். அந்தக் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் யசாகு. அதனால் அவனுக்கு இரண்டு குணங்கள் ஒட்டிக்கொண்டன. அச்சில் இருப்பதை முழுசாக நம்புவான். தன்னை மட்டும் முழுசாக நம்பமாட்டான். படித்தவர்கள் கூடிய இடத்தில் யாராவது சிரித்தால், தன் பேச்சில்தான் ஏதோ தவறு என்று முகம் சிவப்பான்.

இருபது வயதில் டோக்கியோவுக்கு வந்து போலீஸில் சேர்ந்தான். கண்டா வட்டாரத்தில் அவனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் குமாபே. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கீழே இருப்பவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். வாங்கிக் கொடுத்ததை மறக்கமாட்டார். யசாகுவிடம் ஒரு திருடனை ஒப்படைத்து, உண்மையை வரவழை என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திருடன் தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“டேய், நீ தெருவுக்கு லாயக்கில்ல. கதவுக்குத்தான் லாயக்கு” என்றார் குமாபே.

கோபத்தில் சொன்னதுபோலத் தெரிந்தாலும், அடுத்த மாதமே நாடாளுமன்றக் காவலர் வேலைக்கு அவனைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியவர் அவர்தான். அது மட்டுமில்லை. கீவாவைப் பெண் பார்த்து, இரு வீட்டாருக்கும் நடுவே நின்று பேசி, கல்யாணத்தில் தம்பதியின் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவரே. ஆண்டுக் கடைசியில் உப்பிட்ட சால்மன் மீன் ஒன்றை வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டு, யசாகுவும் கீவாவும் அவர் வீட்டுக்குப் போய்க் குனிந்து வணங்கிவிட்டு வருவார்கள். அப்படி எட்டு மீன்கள் போயிருந்தன.

வாசல் வேலை யசாகுவுக்குப் பிடித்துப்போனது. சபைக்குள் தொப்பி, மேல்கோட்டு, குடை, கைத்தடி எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கோமகன் வந்தாலும் அதுதான், மளிகைக்கடை வைத்து முன்னுக்கு வந்த உறுப்பினர் வந்தாலும் அதுதான். முன்னாள் அமைச்சர் ஒருவர் கைத்தடியோடு உள்ளே போகப் பார்த்தபோது, அவைத்தலைவரின் அனுமதி இருக்கிறதா என்று யசாகு கேட்டுவிட்டான். மூட்டுவலிக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதி வரும்வரை நின்றார். கரிக்காரர் மகன் கேட்டதற்கு அமைச்சர் நிற்கிறாரே என்று யசாகுவுக்கு அன்று முழுக்க உடம்பு நடுங்கியது. அது பயமா, பெருமையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அந்த விதியோடு தினமும் மல்லுக்கு நின்றவர் நுகாதா. எச்சிகோ மாகாணத்துப் பனிக்காட்டிலிருந்து வந்த உறுப்பினர். குத்தகை விவசாயிகளின் ஆள். சபைக்குத் தாமதமாக வருவார். மேல்கோட்டைக் கழற்றச் சொன்னால், எங்க ஊர்ல பிணத்துக்குக்கூட கோட்டு போட்டுவிடுவோம், இங்க உயிரோட இருக்கறவனைக் கழட்டச் சொல்றீங்க என்று முணுமுணுப்பார். கோயில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்குமே கல்நாய், அந்தப் பெயரை யசாகுவுக்கு வைத்தவரும் அவர்தான். மற்ற உறுப்பினர்களும் பிடித்துக்கொண்டார்கள். யசாகுவுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

அந்தக் குளிர்காலத்தில் நுகாதாவின் ஊரில் கலகம் நடந்தது. குத்தகை நெல்லைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் ஒரு பண்ணையார் களஞ்சியத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கதவு ஒன்று உடைந்தது. தூண்டிவிட்டவர் நுகாதா என்று வழக்குப் போட்டார்கள். ஆனால் கூட்டத்தொடர் நடக்கும்போது, சபையின் சம்மதமில்லாமல் உறுப்பினரைக் கைது செய்ய முடியாது. சம்மதம் கேட்டுப் போலீஸ் அனுப்பிய கடிதத்தைச் சபை ஒரு குழுவுக்கு அனுப்பியது. குழு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

நுகாதாவுக்கு வேண்டியது ஒரே ஒரு முறை மேடையேறிப் பேசுவது. களஞ்சியத்தில் என்ன நடந்தது, பண்ணையாருக்குப் பின்னால் எந்த அதிகாரி நின்றார் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். சபையில் பேசியதற்காக வெளியே எந்தக் கோர்ட்டும் ஓர் உறுப்பினரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதே பேச்சை ஊர்ச் சந்தையில் பேசினால் சிறை. பெயரைப் பதிந்துவிட்டு, தன் முறை வரக் காத்திருந்தார். அதற்குள் அமைச்சரவைக்கும் சபைக்கும் சண்டை முற்றிவிட்டது. எந்த நாளும் சபை கலையலாம் என்ற பேச்சு. கலைந்துவிட்டால் முறையும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாபே யசாகுவின் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் போலீஸ் தலைமை அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். கீவா அவசரமாகப் பக்கத்துக் கடையிலிருந்து சோபா நூடுல்ஸ் வரவழைத்தாள். கணப்புச் சட்டியில் கையைச் சூடாக்கிக்கொண்டே அவர் ஊர்க்கதைகள் பேசினார். நூடுல்ஸை உறிஞ்சி முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். சபை கலைந்த அடுத்த நொடி நுகாதாவைப் பிடிக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தால் எந்தப் பக்கமாவது நழுவிவிடுவார். எட்டு நாள் தலைமறைவாக இருந்தாலும் போதும், அடுத்த தேர்தலில் வீரனாகிவிடுவார். அதனால் முன்கூடத்துக்குள் வைத்தே பிடிப்பதுதான் சரி.

“ஊதாத் துணி உள்ள போகும்ல, அப்ப நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு. அவ்வளவுதான். மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

பேரரசரின் ஆணை ஊதாப் பட்டுத் துணியில் சுற்றி வரும். அந்தத் துணி தெரிந்தால் சபை கலைகிறது என்று டோக்கியோவில் ரிக்ஷா இழுப்பவருக்கும் தெரியும். யசாகு தரையைப் பார்த்தபடி, கதவுக்கு உள்ளே அவைத்தலைவரின் பொறுப்பு என்று மெல்லச் சொன்னான்.

குமாபே சிரித்தார். “அந்த வாசல்ல உன்னை நிறுத்தினது என் கடிதம் யசாகு. இன்னொரு கடிதம் எழுதவும் எனக்குக் கை இருக்கு.” பிறகு கீவாவிடம் திரும்பி, நூடுல்ஸ் நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று நாள் கழித்து, பகல் ஒன்றரை மணிக்கு அது நடந்தது. காலையில் பெய்த பனி முற்றத்தில் சேறாகிக் கிடந்தது. குமாபே இரண்டு ஆட்களோடு படியருகே நின்றிருந்தார். வெளியே நிற்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. யசாகு குனிந்து வணக்கம் சொன்னான். அவரும் தொப்பியைத் தொட்டார். சபை உள்ளே நடந்துகொண்டிருந்தது. நுகாதா வழக்கம்போல இன்னும் வந்து சேரவில்லை.

முன்கூடத்தின் குறுக்கே அமைச்சரவைச் செயலர் வேகமாக நடந்து போனார். நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் ஏந்தியிருந்தது ஊதாத் துணி. கதவுக் கண்ணாடி வழியாகக் குமாபே அதைப் பார்த்தார். அதே நேரத்தில் டிராமிலிருந்து இறங்கி ஓடிவந்த நுகாதா, சேறு தெறிக்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

அவர் நிலைப்படியைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே பாய்ந்த குமாபேயின் கை அவர் மேல்கோட்டின் முதுகைக் கொத்தாகப் பிடித்தது. குமாபேயின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. யசாகு என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவன் கை குறுக்குச் சட்டம்போலக் கதவுக்கு நடுவே நீண்டு குமாபேயின் மார்பில் முட்டி நின்றது.

“ஐயா, காலை வெளிய எடுங்க.”

“என்னடா உளர்ற? துணி உள்ள போனதை நீயும்தான பாத்த. சபை முடிஞ்சுது. இனிமே உன் தலைவர் தலைவரும் இல்ல, இவன் உறுப்பினரும் இல்ல.”

“துணிதான் போயிருக்கு. இன்னும் படிக்கல.”

“படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம்.”

“அந்த அரை நிமிஷம் இது அவைத்தலைவரோட வாசல், ஐயா.”

நுகாதா கழுத்து இறுக, திரும்பவும் முடியாமல் நின்றார். “கல்நாய்க்கு வாய் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார்.

யசாகுவுக்கு அந்த வாயே உலர்ந்துபோயிருந்தது. கையை எடுத்துவிட்டால் போதும். யாரும் அவனைக் கேள்வி கேட்கப் போவதில்லை. துணியைப் பார்த்தோம், கலைந்தது என்று நினைத்தோம் என்று ஊரே சொல்லும். பிடிபடப்போகிறவர் அவனுக்குப் பிடிக்காதவர். பிடிக்கிறவர் அவன் சோற்றுக்கு வழி செய்தவர். அவன் கண் குமாபேயின் கைப்பிடியில் நின்றது. கை பிடித்திருந்தது ஆளை அல்ல, கோட்டை. எட்டு வருடமாகத் தினமும் சொன்ன வாக்கியம் தானாக வாயில் வந்தது.

“உறுப்பினர் ஐயா, தொப்பியும் மேல்கோட்டும் இங்கயே வெச்சிட்டுத்தான் உள்ள போகணும்.”

நுகாதா ஒரு கணம் விழித்தார். அப்புறம் பொத்தான் இரண்டைப் பிய்க்காத குறையாக அவிழ்த்து, தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார். கோட்டு குமாபேயின் கையில் தங்கியது. ஆள் சபைக் கதவைத் தள்ளிக்கொண்டு மறைந்துவிட்டார். தொப்பி தரையில் உருண்டது.

குமாபே கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். முகம் கறுத்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. உள்ளேயிருந்து இப்போது கூச்சல் கிளம்பும். சபை கலையும்போது உறுப்பினர்கள் எழுந்து கையை உயர்த்தி மூன்று முறை பன்ஸாய் என்று வாழ்த்து முழங்குவது வழக்கம். பதவி போன சோகத்தையும் அப்படித்தான் கொண்டாடுவார்கள். அது கேட்டதும் உள்ளே போய் அள்ளிக்கொண்டு வரலாம். இருவரும் அருகருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பன்ஸாய் எழவில்லை. முணுமுணுப்பு, நாற்காலிகள் நகரும் சத்தம். பிறகு பத்திரிகையாளர் மாடத்துப் படிகளில் தடதடவென்று காலடிகள். முதலில் இறங்கிய நிருபர் தொலைபேசியை நோக்கி ஓடியபடியே, மூணு நாள், மூணு நாள் ஒத்திவைப்பு என்று கத்திக்கொண்டு போனான்.

கூட்டத்தை நிறுத்திவைக்கும் ஆணையும் அதே ஊதாத் துணியில்தான் வரும். விதிப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அப்படி வருவது அபூர்வம் என்பதால் எல்லாரும் மறந்திருந்தார்கள். சபை கலையவில்லை. கூட்டத்தொடர் உயிரோடு இருந்தது. உறுப்பினர் உறுப்பினராகவே இருந்தார். கூடத்துக்குள் புகுந்து அவரைப் பிடித்திருந்தால் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் குமாபேயின் பெயர்தான் வந்திருக்கும்.

குமாபே காலை வெளியே எடுத்தார். கோட்டை யசாகுவின் கையில் திணித்தார்.

மறுநாளே கடிதம் வந்துவிட்டது. கதவுக் காவலர் உறுப்பினர் நழுவுவதற்குத் துணை போனார், போலீஸ் அதிகாரியைக் கையால் தடுத்து அவமதித்தார் என்று எழுதியிருந்தது. காவலர் தலைவர் மிபுச்சி நல்ல மனிதர். யாரோடும் பகை வேண்டாதவர். யசாகுவைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். இல்லாவிட்டால் மேலே அனுப்ப வேண்டியிருக்கும், வேலைக்கே ஆபத்து என்றார்.

“மன்னிப்பு எழுதிக் கொடுத்து எவனும் செத்ததில்ல யசாகு. நாலு வரி. தேதி, கையெழுத்து. முடிஞ்சுது.”

“எந்த விதியை மீறினேன்னு எழுதணும்?”

“விதி எங்க வந்துது இதுல? மரியாதைப்பா.”

சபை மறுபடி கூடும் நாள் காலையில் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

சாயங்காலம் மிசோ சூப் ஆறிக்கொண்டிருக்க, கீவாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். வேலை போனால் என்ன செய்வது என்று கேட்பாள் என எதிர்பார்த்தான். அவள் அதைக் கேட்கவில்லை.

“ஏங்க, அந்தக் கோட்டு விஷயம். விதியில இருக்கேன்னு சொன்னீங்களா, இல்ல அவரைத் தப்பவிடறதுக்காகச் சொன்னீங்களா?”

யசாகு கிண்ணத்தைக் கீழே வைத்தான். வாய் தானாகச் சொன்னது என்றான். அவள் நம்பாத மாதிரிப் பார்த்தாள். அவனுக்கே முழு நம்பிக்கை இல்லை. அந்த நொடியில் குமாபேயின் கைப்பிடியைப் பார்த்தது நினைவிருந்தது. பார்த்தபின்தான் வாய் திறந்தது. அப்படியென்றால் அது தந்திரமா? விதிக்குள்ளேயே நின்று செய்த தந்திரம் விதியாகுமா? தான் காத்தது சபையையா, இல்லை தனக்கும் ஒரு பலம் உண்டு என்று எட்டு வருடம் கழித்துக் காட்ட ஆசைப்பட்டோமா? இதற்கெல்லாம் புத்தகத்தில் பதில் இல்லை.

“மன்னிப்பு எழுதப் போறீங்களா?”

“காலை உள்ள வெச்சதை அவர் மறுக்க முடியாது. கையை நீட்டினதை நானும் மறுக்கமாட்டேன்.”

“நம்ம கல்யாணத்துல பக்கத்துல உக்காந்தவருங்க” என்றாள் கீவா. சற்றுப் பொறுத்து, “இந்த வருஷமும் மீன் கொண்டுபோவோம். அவரு கதவைத் திறக்கலைன்னா வாசல்ல வெச்சிட்டு வருவோம்” என்று சொல்லி, எழுதுவதற்குத் தாளும் தூரிகையும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் எழுதியது ஏழு வரி. இத்தனை மணிக்கு ஊதாத் துணி சபைக்குள் போனது, இத்தனை மணிக்கு இன்ஸ்பெக்டரின் வலது கால் நிலைப்படிக்கு உள்ளே இருந்தது, நான் கையால் தடுத்தேன், கோட்டைக் கழற்றும்படி உறுப்பினரிடம் சொன்னேன், சொல்லும்போது இன்ஸ்பெக்டர் கோட்டைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தான். அடிக்கவில்லை. நான்காம் நாள் காலை மிபுச்சி அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“இதுல மன்னிப்பு எங்கப்பா?”

“நடந்தது இருக்குங்க.”

மிபுச்சி தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டார். இன்றைக்குப் போய் நில், நாளைக் கதை எனக்குத் தெரியாது என்றார்.

அன்று முதல் ஆளாக வந்தவர் நுகாதா. கோட்டையும் தொப்பியையும் கேட்காமலே கழற்றிக் கொடுத்தார். அவர் முறை பதினொரு மணிக்கு வந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்ற யசாகுவுக்குச் சொற்கள் கேட்கவில்லை. குரல் ஏறுவதும், எதிர்ப்பக்கம் ஊளையிடுவதும், அவைத்தலைவரின் மணி அடிப்பதும், மறுபடி அந்தக் குரல் பிடிவாதமாக மேலெழுவதும் கேட்டது. நாற்பது நிமிடம். சுருக்கெழுத்தர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிமாறி உள்ளே போனார்கள். கடைசியாக வெளியே வந்தவர் மணிக்கட்டை உதறிக்கொண்டே, அத்தனை பேரையும் சொல்லிட்டாருய்யா என்றார்.

இரண்டு மணிக்கு ஊதாத் துணி மறுபடி கூடத்தைக் கடந்தது. குமாபே இந்த முறை முற்றத்தின் நடுவிலேயே நின்றார். ஓரடி முன்னே வைக்கவில்லை. சற்று நேரத்தில் கட்டடமே அதிர மூன்று முறை பன்ஸாய் எழுந்தது.

உறுப்பினர்கள் திருவிழாவிலிருந்து கலைபவர்கள் மாதிரி வெளியேறினார்கள். எல்லாரும் போனபின் நுகாதா வந்தார். கண்ணாடிக்கு அப்பால் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்காமே.”

“இருக்குங்க.”

“சாவி?”

“என்கிட்டதான் இருக்கு.”

யசாகு சாவியை எடுக்கவில்லை. நுகாதா காத்துப் பார்த்தார். “அன்னிக்கு வழி விட்டியே” என்றார்.

“அன்னிக்கு நீங்க உறுப்பினர் ஐயா.”

நாற்பது நிமிடம் தனியாகக் கத்தி ஓய்ந்த மனிதர் எதிரே நின்றார். உதடு வெடித்திருந்தது. யசாகுவால் அவரை இப்போது வெறுக்க முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நுகாதா சிரித்தார். “ரெண்டு பக்கமும் கடிக்கிற நாய்யா நீ. இருக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அதை எவனும் கைது பண்ண முடியாது.” தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு தானாகவே படியிறங்கிப் போனார். இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

குமாபே மட்டும் படியேறி வந்தார். நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்.

“அவன் மேசைல கொஞ்சம் காகிதம் இருக்கும். அதை எடுக்கணும். இப்பதான் சபையே இல்லையே. உள்ள வரலாம்ல?”

மிபுச்சியின் இழுப்பறையில் அந்த ஏழு வரி கிடந்தது. நாளைக்கு இந்தச் சீருடை தன் உடம்பில் இருக்குமா என்பது யசாகுவுக்குத் தெரியாது. உறுப்பினர்கள் போனாலும் கட்டடம் சபைச் செயலரின் பொறுப்பில் இருக்கிறது என்பது தெரியும்.

“செயலர் கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் ஐயா. அதுவரைக்கும் நீங்க வெளிய நில்லுங்க.”

குமாபே அவனை ஏற இறங்கப் பார்த்தார். பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது. அவர் காலணியைப் படியில் இரண்டு முறை தட்டிச் சேற்றை உதறினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளியிலேயே நின்றார்.